நியூட்ரலில் எரியும் விளக்கு

அத்தியாயம் 5

"இந்த வண்டிய உதைக்கிறதுக்குப் பதிலா நாலு வார்த்தை திட்டிப் பார்க்கலாம் சார். ரோஷம் வந்தாவது கிளம்பும்" என்றாள் சிந்துஜா.

துப்பறிவாளர் ஞானசேகரன் அந்தப் பழைய டூ-ஸ்ட்ரோக் பைக்கின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பக்கவாட்டு மூடியை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலில் கறுப்பாக எதுவோ ஒட்டியது. முகர்ந்து பார்த்து, கர்சீப்பில் துடைத்துக்கொண்டார். பிறகு சீட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். முழங்கால் இரண்டும் முனகின.

கடலூரில் மே மாதம் என்றால் காலை பத்து மணிக்கே மனிதனுக்கு வாழ்க்கை போதும் என்று தோன்றிவிடும். போதாததற்குக் கரன்ட் வேறு போயிருந்தது. தெருவில் எல்லா வீட்டிலும் ஜனங்கள் வாசலுக்கு வந்து விசிறிக்கொண்டு நின்றார்கள். துப்பறிவாளரையும் அவருடைய உதவியாளர் சிந்துஜாவையும் வேடிக்கை பார்க்க அவர்களுக்கு நல்ல வசதியாகப் போயிற்று.

ஞானசேகரன் இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக விபத்து வண்டிகளைப் பரிசோதித்து ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தவர். வண்டி பொய் சொல்லி அவர் பார்த்ததில்லை. வண்டிக்காரர்கள் சொன்ன பொய்யைக் கேட்டு அலுத்துப்போய்த்தான் அந்த வேலையை விட்டுவிட்டுத் துப்பறியும் ஆபீஸ் போட்டார். இங்கேயும் அதே பொய்தான். என்ன, இங்கே வருகிறவர்கள் கூடவே அழவும் செய்கிறார்கள்.

இன்றைக்கு அழுதவர் சவரியம்மாள். சத்துணவு அமைப்பாளர். கணவர் லூர்துசாமி போன பிறகு ஒரு மகனையும் ஒரு மகளையும் தனியாகப் படிக்க வைத்தவர். அவருடைய மகன் சார்லஸ் கான்ஸ்டபிள் செலக்‌ஷனில் பாஸ் செய்துவிட்டு ஆர்டருக்காகக் காத்திருக்கிறான். மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும் நேரத்தில், சிதம்பரம் ரோட்டில் பி.முட்லூர் பஸ் ஸ்டாப்புக்கு அருகே வேர்க்கடலை விற்கும் விருத்தாம்பாள் என்ற பெண்ணை ஒரு பைக் இடித்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டது. அந்த அம்மாளுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஓட்டியவன் ஹெல்மெட் போட்டிருந்ததால் யாருக்கும் முகம் தெரியவில்லை. சத்தம் கேட்டு வெளியே வந்த எதிர் டீக்கடைக்காரர், வண்டி கிளம்பும்போது நம்பரை மட்டும் பார்த்துச் சொன்னார். மறுநாள் போலீஸ் இந்த வீட்டுக்கு வந்தது. ஹெட்லைட் கண்ணாடி உடைந்த பைக் வாசலில் நின்றது. சார்லஸ் வெளியே வந்து, "நான்தான்" என்றான்.

ஒப்புக்கொண்டவனைத் தோண்டிப் பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது? கேஸ் பதிவாயிற்று, ஜாமீன் கிடைத்தது, வண்டியையும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

"வெரிபிகேஷன்ல இந்தக் கேசு இருந்துச்சின்னா அவன் வேல போச்சு சார்" என்றார் சவரியம்மாள். "வேலைக்காக மட்டும் சொல்லல. என் புள்ள யாரையாச்சும் இடிச்சிருந்தான்னா, அவனே தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பான். வுட்டுட்டு வர்ற புள்ள இல்ல சார் அவன். பொய் சொல்றான். ஏன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க."

சார்லஸ் தூணில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நான்தாம்மா ஓட்டினேன். எத்தினி வாட்டி சொல்றது?"

"பார்த்தீங்களா" என்றார் சவரியம்மாள், அதுவே பெரிய சாட்சி என்பது போல.

சிந்துஜாவுக்குத் தண்ணீர் கொடுக்க அனுப்பிரியா உள்ளே கூப்பிட்டாள். சார்லஸின் தங்கை. அடுத்த மாதம் கல்யாணம். ஆனாலும் கல்யாணப் பெண்ணுக்குரிய களை முகத்தில் இல்லை. ஒரு தூக்குவாளியில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"யாருக்குக் கஞ்சி?"

"விருத்தாம்பாளுக்கு. சிதம்பரம் ஆஸ்பத்திரியில இருக்காங்க. அவுங்களுக்கு யாரும் இல்லக்கா. அம்மாவும் நானும் தெனம் பஸ்ல போயிட்டு வர்றோம். எங்க வண்டி இடிச்சதுதானே."

"அந்த ஞாயித்துக்கிழமை நீங்க எங்க இருந்தீங்க?"

"பாண்டிக்குத் துணி எடுக்கப் போயிட்டோம். அன்னிக்குப் பாத்து அவரு வந்திருக்காரு." 'அவரு' என்றபோது மட்டும் குரலில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. "செம்பியன். சிதம்பரத்துல கவர்மென்ட் ஆபீசுல ஜூனியர் அசிஸ்டென்ட். கல்யாணப் பத்திரிகைக் கட்டக் குடுத்துட்டு, அண்ணன் பஸ் ஏத்தி வுட்டுதாம், போயிட்டாரு. நான் பாக்கவே இல்ல."

சிந்துஜா வெளியே வந்தபோது ஞானசேகரனும் சார்லஸும் வண்டிக்குப் பக்கத்தில் தணிந்த குரலில் ஏதோ பேசி முடித்திருந்தார்கள். சார்லஸின் முகம் வெளுத்திருந்தது.

"வண்டிய எடு. சிதம்பரம் போவோம்" என்றார் ஞானசேகரன். "நீ ஓட்டு."

"நானா? சார், என்னோடது ஸ்கூட்டர். அதுல பட்டன அமுக்கினா போகும். இதுல எந்தக் காலுக்கு என்ன வேலைன்னு எனக்கு மறந்தே போச்சு."

"காலேஜ்ல உங்க அண்ணன் வண்டியத் திருடி ஓட்டினேன்னு பெருமையடிச்சியே. இப்ப திருடாம ஓட்டு."

சிந்துஜா ஏறி உட்கார்ந்தாள். சார்லஸ் ஓரடி முன்னால் வந்தான். "அக்கா, ஒரு விஷயம், அந்த மீட்டர்ல..."

"அவங்களே பார்த்துக்குவாங்க" என்று ஞானசேகரன் வெட்டினார்.

நாலைந்து உதைக்குப் பிறகு வண்டி கிளம்பியது. உச்சி வெயில் மீட்டர் கண்ணாடியில் பட்டுக் கண்ணைக் கூச வைத்தது. முள் எங்கே நிற்கிறது என்றுகூடத் தெரியவில்லை. பெட்ரோல் டேங்கின்மேல் ஒட்டியிருந்த மாதா படம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. துறைமுகத்தைத் தாண்டி, காரைக்காட்டைத் தாண்டி, ஆலப்பாக்கத்தையும் தாண்டினார்கள். பின்னால் ஞானசேகரன் தூங்கிவிட்டாரோ என்ற பயத்தில் சிந்துஜா அடிக்கடி அவரைக் கூப்பிட்டுப் பார்த்தாள்.

"சார், சார்லஸோட பிரெண்டு எவனாவது எடுத்துட்டுப் போயிருப்பான். இவன் அவனைக் காப்பாத்துறான். பசங்க நட்புக்காகக் கிட்னிகூடக் குடுப்பானுங்க, கான்ஸ்டபிள் வேலையக் குடுக்க மாட்டானா?"

"இல்ல. பிரெண்டுன்னா இந்த வண்டியில தினம் ஓசி சவாரி பண்ணியிருப்பான். எனக்கு வேண்டியது இந்த வண்டிய அந்த ஞாயித்துக்கிழமைக்கு முன்னால தொட்டே பார்க்காத ஆள்."

"எப்படிச் சொல்றீங்க?"

"ரோட்டப் பார்த்து ஓட்டு."

புதுச்சத்திரத்தில் ஒரு பஸ் நட்டநடு ரோட்டில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. ஓரத்துப் புளியமர நிழலில் சிந்துஜா வண்டியை நிறுத்தி, நியூட்ரலுக்குத் தள்ளினாள். பச்சை விளக்கு எரிந்தது. அதற்குப் பக்கத்தில் சிவப்பாக இன்னொன்றும் எரிந்தது. எண்ணெய்க் கேன் படம் போட்ட விளக்கு.

"ஐயோ! சார், ஆயில் லைட்டு!"

"அப்படியா?"

"என்ன அப்படியா? இது டூ-ஸ்ட்ரோக். ஆயில் இல்லாம ஓட்டினா இன்ஜின் இறுகிப்போயிடும். அப்புறம் நீங்களும் நானும் தள்ளிக்கிட்டுதான் போகணும். நீங்க தள்ளுற ஆளுமில்ல. பங்க் எங்க இருக்கு?"

"எனக்குத் தெரியாது. உனக்கு எங்க நிறுத்தணும்னு தோணுதோ அங்க நிறுத்து" என்றார் ஞானசேகரன். அவர் குரலில் முதல்முறையாகக் கொஞ்சம் உயிர் இருந்தது.

கொஞ்ச தூரத்திலேயே இடது பக்கம் ஒரு பெட்ரோல் பங்க் வந்தது. சிந்துஜா உள்ளே திருப்பி, "டூ-டி ஆயில் ஒரு பாக்கெட்டு" என்று கத்திக்கொண்டே இறங்கினாள். ஞானசேகரனும் இறங்கி, இடுப்பை நிமிர்த்திக்கொண்டார்.

"ஆயில் வேண்டாம். சாவியப் போட்டு, கிளட்சைப் பிடிச்சு, கியர் போடு. இப்ப மீட்டரைப் பாரு."

சிந்துஜா நிழலில் நின்று அப்படியே செய்தாள். சிவப்பு அணைந்தது. நியூட்ரலுக்குக் கொண்டுவந்தாள், எரிந்தது. கியர் போட்டாள், அணைந்தது.

"என்ன சார் இது, கண்ணடிக்குது?"

"இந்த மாடல்ல அப்படித்தான். ஆயில் விளக்கோட பல்பு உயிரோட இருக்கான்னு காட்டத்தான் நியூட்ரல்ல எரியும். கியர் போட்டா அணைஞ்சிடும். கியர் போட்ட பிறகும் எரிஞ்சாத்தான் நிஜமா ஆயில் இல்லன்னு அர்த்தம். வண்டி வச்சிருக்கறவனுக்கு இது பழகிப்போயிருக்கும். புதுசா எடுத்தவன் உன்ன மாதிரி ஐயோன்னு கத்துவான்."

"அதனாலதான் சார்லஸ சொல்ல வுடலியா? என்னைச் சோதனை எலியாக்கி விட்டுட்டீங்களே சார்."

"நீ எலின்னா நான் பின்னால உட்கார்ந்து வந்த மூட்டை. இன்னும் கேளு. ஆயில் டேங்குல பாதி உயரத்துல ஒரு விரிசல் இருக்கு. அதுக்கு மேல ஊத்தினா ஒழுகும். சார்லஸ் பாதிக்கு மேல ஊத்தவே மாட்டானாம். அவனே சொன்னான். ஆனா பக்கவாட்டு மூடியிலேர்ந்து கீழ வரைக்கும் ஆயில் வழிஞ்சு, தூசி படிஞ்சு காய்ஞ்சிருக்கு. யார் ஊத்தினதுன்னு கேட்டேன். அப்பத்தான் அவன் முகம் வெளுத்துது."

சிந்துஜா மெதுவாகச் சுற்றும்முற்றும் பார்த்தாள். "அப்போ அந்த ஆளும் கடலூர்லேர்ந்து இதே ரோட்டுல வந்து, எங்கயோ நிறுத்தி, சிவப்பைப் பார்த்து பயந்து, அடுத்த பங்க்குல..."

"உன் பயமும் அவன் பயமும் ஒரே பயம்தானே. ஒரே இடத்துல நிறுத்தியிருப்பீங்கன்னு நம்பி வந்தேன். இல்லன்னா முட்லூர் வரைக்கும் ஒவ்வொரு பங்க்கா ஏறி இறங்கணும். எனக்குத் தெம்பு இல்ல."

ஆயில் பாக்கெட்டோடு வந்து நின்ற பெண்ணின் சட்டையில் 'பொன்னி' என்று பேர் எழுதியிருந்தது. அவள் சிந்துஜாவைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்தாள். அதிலும் டேங்கில் இருந்த மாதா படத்தைப் பார்த்தாள்.

"மறுபடியும் இந்த வண்டியா? இதுக்கு ஊத்த மாட்டேன் மேடம். என்னைய வுடுங்க."

ஞானசேகரனும் சிந்துஜாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏம்மா, போன தடவை என்ன ஆச்சு?" என்று கேட்டார் ஞானசேகரன்.

"அன்னிக்கு ஞாயித்துக்கிழம சார். மாத்து ஆளு வரல, காலைலேருந்து நானே நின்னு கால் ஒடிஞ்சிடுச்சி. சாயங்காலமா ஒரு ஆளு இந்த வண்டியில வந்து சிவப்பு லைட்டு எரியுது, ஆயில் ஊத்துன்னாரு. ஒரு பாக்கெட்ட ஊத்தினேன். லைட்டு அணையல. நீ சரியா ஊத்தலன்னு என்கிட்ட சண்ட. இன்னொண்ணையும் ஊத்துன்னாரு. ஊத்தினேன். பொத்துக்கிட்டு என் கால்ல, அவரு ஷூவுலன்னு ஊத்துது. அப்பவும் லைட்டு எரியுது. அதுக்கும் என்னையத்தான் திட்டினாரு."

"ஆள் எப்படி இருந்தாரு?"

"யாருக்குத் தெரியும்? ஹெல்மெட்டக் கழட்டவே இல்ல. உள்ளேருந்தே கத்தினாரு."

சிந்துஜாவின் தோள் தொங்கிப்போயிற்று. "ஹெல்மெட் சட்டம் கொண்டுவந்த புண்ணியவான் நம்ம பொழைப்புல மண்ணப் போட்டுட்டான் சார்."

"வேற ஏதாவது சொன்னாரா?" ஞானசேகரன் விடவில்லை. "போறப்போ, தனக்குத்தானே பேசிக்கிட்ட மாதிரி?"

பொன்னி யோசித்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சொன்னாரு சார். எனக்கு அப்பவே சிரிப்பு. 'கல்யாணமே இன்னும் ஆவல, அதுக்குள்ள மாமியா வூட்டுல ஓட்ட வண்டியத் தலையில கட்டிட்டாங்க'ன்னு மொணகிக்கிட்டே கெளம்பினாரு."

பொன்னி வேறு வண்டிக்குப் பெட்ரோல் போடப் போய்விட்டாள். சிந்துஜா ஏதாவது சொல்வாள் என்று ஞானசேகரன் எதிர்பார்த்தார். அவள் தூக்குவாளியும் கையுமாக நின்ற அனுப்பிரியாவை நினைத்துக்கொண்டிருந்தாள்.

"சார்லஸ் பஸ் ஏத்தி விடல" என்றாள் கடைசியில்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சிதம்பரம் பஸ்ல உட்கார இடம் கிடைக்குமா? வரப்போற மாப்பிள்ளைய நின்னுக்கிட்டே போகச் சொல்ல முடியுமா? சாவியக் குடுத்திருக்கான். அப்படிக் குடுக்கறப்போ, 'லைட்டு சும்மா எரியும், டேங்குல விரிசல் இருக்கு'ன்னு எந்த மச்சானாவது சொல்வானா? நம்ம வீட்டு வண்டி இவ்வளவு லட்சணம்னு மாப்பிள்ளைக்கு ஏன் தெரியணும்? வாயை மூடிக்கிட்டு வழியனுப்பியிருக்கான். இடிச்ச பிறகு மாப்பிள்ளை போன் பண்ணியிருப்பான். சார்லஸ் போய் வண்டிய எடுத்துக்கிட்டு வந்து, பழியையும் சேர்த்து எடுத்துக்கிட்டான். தங்கச்சி கல்யாணம் நிக்கக் கூடாது, அவ்வளவுதான்."

"கண்டுபிடிச்சாச்சு. நியாயமாப் பார்த்தா நாம இப்ப சந்தோஷப்படணும் சார்."

"படு" என்றார் ஞானசேகரன். "எனக்கு முடியல."

சிதம்பரம் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு மாடியில் இருந்தது. ஞானசேகரன் படிகளில் நின்று நின்று ஏறினார். வார்டில் நுழைந்ததும் முதல் கட்டில் விருத்தாம்பாளுடையது. ஐம்பதைத் தாண்டிய, ஒல்லியான பெண். கண்ணை மூடிப் படுத்திருந்தாள். பங்க்கில் இவர்கள் நின்ற நேரத்தில் தாயும் மகளும் பஸ்ஸில் முந்தி வந்து கஞ்சி கொடுத்துவிட்டிருந்தார்கள். அனுப்பிரியா வாளியைக் கழுவப் போயிருந்தாள். சவரியம்மாள் கட்டிலருகே நின்று, ஒரு அட்டையால் அந்த அம்மாளுக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

ஞானசேகரன் அவரைக் கதவோரமாகக் கூப்பிட்டு, விளக்கையும் ஆயிலையும் பொன்னி சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. சுற்றி வளைத்தால் வலி குறைவதில்லை, நேரம்தான் கூடுகிறது என்பது அவர் அனுபவம்.

சவரியம்மாள் முதலில் சிலுவை போட்டுக்கொண்டார். மகன் இடிக்கவில்லை என்ற நிம்மதி முகத்தில் வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

"மாமியா வீடு ஊர்ல எத்தினியோ பேருக்கு இருக்கு சார்" என்றார்.

"உங்க வண்டிக்கு ஒரே மாமியார்தாம்மா இருக்காங்க" என்றாள் சிந்துஜா. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சவரியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஞானசேகரனின் கையைப் பிடித்தார்.

"சார், இத்தோட வுட்டுடுங்க."

"அம்மா, நீங்கதான் என்கிட்ட வந்தீங்க."

"நான்தான். இல்லன்னு சொல்லல. சார்லசு ஆம்பளப் புள்ள. வேற வேல கெடைக்கும். பத்திரிக ஊரெல்லாம் குடுத்தாச்சு சார். கல்யாணம் நின்ன பொண்ண எவன் கட்டுவான்? அவனே முடிவு பண்ணித்தானே தலையக் குடுத்திருக்கான். அவன் முடிவையே..."

இதைத்தான் ஞானசேகரன் வழியெல்லாம் எதிர்பார்த்து வந்தார். உண்மையைக் கண்டுபிடிக்கச் சொல்கிறவர்கள், தங்களுக்குப் பிடித்த உண்மையைத்தான் கேட்கிறார்கள். அவருக்குக் கோபம் வரவில்லை. எங்காவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

"அண்ணன் முடிவு பண்ணிடுச்சி, நீயும் முடிவு பண்ணிட்டியாம்மா?"

அனுப்பிரியா கழுவின வாளியோடு பின்னால் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

"அனு, நீ போயி..."

"நான் எங்கயும் போவல." அவள் ஞானசேகரனிடம் திரும்பினாள். "சார், பங்க்குல யாரோ சொன்னத வச்சிக்கிட்டு அவர நான் சந்தேகப்பட மாட்டேன். நானே கேக்கறேன்."

"கேட்டா இல்லன்னுதான் சொல்வாரு" என்றாள் சிந்துஜா.

"அப்படிக் கேட்டாத்தானே."

அனுப்பிரியா வாளியைக் கட்டிலடியில் வைத்தாள். செல்போனை எடுத்து செம்பியனின் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"சொல்லு அனு! என்னா இந்த நேரத்துல? ஆபீசுல இருக்கேன்."

"ஒண்ணும் இல்லங்க. அண்ணன் வண்டிய வித்துடலாம்னு பாக்குறோம். கேசு, கீசுன்னு ஆயிடுச்சில்ல. வாங்க வந்தவரு சிவப்பு லைட்டு எரியுதுங்கறாரு. ஆயில் ஊத்தினா அணைஞ்சிடுமா? உங்களுக்கு வண்டியப் பத்தித் தெரியுமேன்னு கேட்டேன்."

மறுமுனையில் ஆம்பளைச் சிரிப்பு ஒன்று வந்தது. வண்டியைப் பற்றிப் பெண்கள் கேட்டால் வருமே, அந்தச் சிரிப்பு.

"ஊத்தாத, தண்டம். ரெண்டு பாக்கெட்டு ஊத்தினாலும் அது பாட்டுக்கு எரியும். லைட்டே கோளாறு. கேக்குற வெலைக்குத் தள்ளி வுட்டுடுங்க."

சவரியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ரெண்டு பாக்கெட்டுன்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

சிரிப்பு நின்றது. "அது... சார்லஸ் சொன்னான்."

"அண்ணன் கோளாறுன்னு சொல்லாதுங்க. அப்பா ஓட்டின காலத்துலேருந்து எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும். வண்டி நியூட்ரல்ல நின்னா அந்த லைட்டு எரியும். கியர் போட்டா அணைஞ்சிடும். அது கோளாறே இல்ல. அதைக் கோளாறுன்னு நெனைச்சு ஆயில் ஊத்தினவரு நீங்க ஒருத்தர்தான்."

வார்டில் யாரோ இருமினார்கள். பிறகு செம்பியன் வேறு குரலில், அவசர அவசரமாகப் பேசத் தொடங்கினான்.

"அனு, கேளு. அந்தம்மா திடீர்னு குறுக்க வந்துட்டாங்க. நான் எறங்கித் தூக்கலாம்னுதான் நெனச்சேன். அதுக்குள்ள கூட்டம் சேந்துடுச்சி. எறங்கினா அடிச்சே கொன்னிருப்பானுங்க. கவர்மென்ட் வேல அனு, கேசுன்னா போச்சு. நம்ம கல்யாணமும் போச்சு. சார்லஸே சொன்னான், நான் பாத்துக்கறேன் மச்சான்னு. நமக்காகத்தானே எல்லாம்?"

சவரியம்மாள் மகளின் கையைப் பிடித்தார். அந்தப் பிடியில் கெஞ்சல் இருந்தது. கூட்டத்துக்குப் பயந்தவன் என்றால் மன்னிக்க ஒரு சின்ன இடம் இருக்கிறதே. அனுப்பிரியாவின் கண்ணிலும் ஒரு நொடி அந்த இடம் தெரிந்தது. சிந்துஜா அதைப் பார்த்தாள்.

"எறங்கினான்மா."

எல்லோரும் திரும்பினார்கள். தூங்குகிறாள் என்று நினைத்த விருத்தாம்பாள் கண்ணைத் திறந்து, போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கொரலுதான். கூட்டமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நானும் அவனுந்தான். வண்டிய நிறுத்திட்டு எறங்கி வந்தான். குனிஞ்சி, 'உசுரு இருக்குதா'ன்னு கேட்டான். இருக்குது தம்பி, தூக்கி வுடுன்னேன். அப்பறம்தான் வண்டிய எடுத்தான்."

"இத ஏம்மா போலீஸ்ல சொல்லல?" என்று கேட்டாள் சிந்துஜா.

"நம்பரு கெடைச்சிடுச்சி, ஆளும் ஒத்துக்கிட்டான்னாங்க. என்கிட்ட யாரு கேட்டாங்க?"

போன் கட் ஆகவில்லை. மறுமுனையில் செம்பியன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அனுப்பிரியா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். மகள் கையிலிருந்த போனைச் சவரியம்மாள் வாங்கிக்கொண்டார். அவர் கெஞ்சப்போகிறார் என்று ஞானசேகரன் நினைத்தார். தடுக்கக்கூடத் தெம்பில்லாமல் நின்றார்.

சவரியம்மாள் போனை வாய்க்கு அருகே கொண்டுபோனார். குரல் தெளிவாக இருந்தது.

"தம்பி, ஒன்ன இனிமே மாப்ளன்னு கூப்பிட மாட்டேன். என் புள்ளய வரச்சொல்லிட்டு நான் ஸ்டேஷனுக்குப் போறேன். நீயா வர்றியா, இல்ல ஒன் ஆபீசுக்கே நாங்க வரட்டுமா?"